பரங்கிப்பேட்டையில் தொண்டும் ஊதியமும்

பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டும் பழக்கம், அறக்கட்டளைப் பத்திரமும் சங்கப் பதிவும் தணிக்கையும் வருவதற்கு வெகு முன்பே வேரூன்றியது. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், 2011 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 25,000 பேர் வாழ்ந்த இந்தப் பேரூராட்சியில் பள்ளிவாசல்களுக்கும் ஜமாஅத்துக்கும் ஒரு வசூல் முறை உண்டு. கோயில் திருவிழாக் குழுக்களுக்கு ஒன்று. கடலோரத்து மீனவர் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு வேறொன்று. இவற்றின் மேல்தான் பின்னால் வெளிநாட்டு நிதியும் அரசு மானியமும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) பணமும் வந்து அமர்ந்தன.

ஜமாஅத்து வசூலில் ஜகாத்துக்கே முதலிடம். வரம்புக்கு மேற்பட்டு ஓராண்டு கையில் நின்ற செல்வத்தில் இரண்டரை விழுக்காடு என்ற கணக்கு உறுதியானது. யாருக்குக் கொடுக்கலாம் என்பதும் எட்டு வகையாக வகுக்கப்பட்டிருக்கிறது. பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்து முடிக்க வேண்டிய ஃபித்ரா, மனம்போல் தரும் சதக்கா, வக்ஃபு சொத்தின் வாடகை ஆகியவை இதனுடன் சேரும். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் தொகைதான் இந்த வசூலுக்குப் பெரும் தெம்பு. படிப்புச் செலவு, மருத்துவச் செலவு, குமர் காரியம் எனப்படும் பெண்ணின் திருமணச் செலவு என்று மனு வரும், விசாரித்துக் கொடுப்பார்கள். ஊருக்குள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதால் இந்த விசாரணைக்குப் படிவம் தேவைப்படுவதில்லை. அதுவே இதன் பலம். எல்லை தாண்டிய தேவைக்கு இந்த முறையால் எளிதில் கை நீட்ட முடியாது என்பது பலவீனம்.

மீனவர் குப்பங்களில் தலைக்கட்டு வரி. மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. ஊர்ப் பஞ்சாயத்தார் விதிக்கும் தொகையை ஒவ்வொரு தலைக்கட்டும் செலுத்தும். திருவிழா, வழக்குச் செலவு, கடலுக்குப் போய்த் திரும்பாதவர் வீட்டுக்கு உதவி எல்லாம் இந்தப் பொதுப் பணத்திலிருந்து போகும். வரி கட்டுகிறவருக்குத்தான் பங்கும் உண்டு என்பது இதில் எழுதப்படாத விதி. கணவனை இழந்த பெண்ணும், ஊருக்கு ஓரமாகக் குடியிருக்கும் பிற சாதியினரும் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பார்கள். பிற்காலத்தில் இது பெரிய சிக்கலாக வெடித்தது.

ஊர் வசூலைத் தாண்டி நிலையான நிறுவனம் கட்டும் முயற்சிகளுக்கும் இந்த மாவட்டத்தில் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை எழுதிக்கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அரிசியும் காய்கறியும் விறகுமாக வந்து இறங்குவதால், கொடுக்கிறவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் இடையே கணக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாத ஏற்பாடு அது. பள்ளிக்கூடத்துக்கு அது போதாது; ஆசிரியருக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது எதிர்கொண்டது இந்தச் சுமையைத்தான். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியையும் விடுதியையும் நடத்த அவர் வாழ்நாள் முழுவதும் நன்கொடை தேடவேண்டியிருந்தது. மூன்றாவது வகை ஒரே கொடையாளரின் பெருங்கொடை. அண்ணாமலை செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கி, 20 லட்சம் ரூபாய் கொடுத்து, 1929இல் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக்கினார். அந்தப் பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியில் சிக்கி 2013இல் அரசின் கைக்குப் போனதும், தேவைக்கு மேல் இருந்த ஊழியர்கள் வேறு அரசு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டதும் இங்கே எல்லோரும் அறிந்த கதை. எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியும் என்ற கேள்வியைப் பெருங்கொடையும் தள்ளிப்போட்டதே தவிர, தீர்த்துவைக்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக அதிக அழிவைக் கண்ட மாவட்டங்களில் இது ஒன்று. சாமியார்பேட்டை, புதுக்குப்பம், பிச்சாவரம் முகத்துவாரத்து எம்ஜிஆர் திட்டு முதலிய குப்பங்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் பரங்கிப்பேட்டைக்குள் ஓடிவந்தார்கள். முதல் சோற்றை ஊர் ஜமாஅத்துதான் போட்டது. மண்டபங்களும் பள்ளிகளும் திறக்கப்பட்டன. உலை பெரிதாக ஏற்றப்பட்டது. இறந்தவர்களை எடுத்து அடக்கம் செய்யும் வேலையிலும் ஜமாஅத்து இளைஞர்கள் நின்றார்கள். அரசு வண்டியும் அயலூர் அமைப்புகளும் வந்து சேர்வதற்கு முன்பு நடந்த வேலை இது. ஊர் வசூல் எல்லை தாண்டாது என்று மேலே சொன்னதற்கு இது ஒரு பெரிய விலக்கு.

அதன் பிறகு வந்தது பண வெள்ளம். இந்தக் கடற்கரை அதுவரை பெயர்கூடக் கேட்டிராத தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. வீடு கட்டும் பணியில் அரசு–தனியார் கூட்டு முறைக்கு 2005 ஜனவரி 13ஆம் நாளிட்ட வருவாய்த் துறை அரசாணை 25 வழி செய்தது. வீடு ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், குறைந்தது 50 வீடு, ஆக 75 லட்சம் என்று நுழைவு வரம்பு வைக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களுக்கு அது எளிது. உள்ளூரில் இருபதாண்டு உழைத்த சிறு சங்கத்துக்கு அந்த வாசலே உயரம்; பெரியவர்களின் துணை ஒப்பந்தக்காரராகத்தான் அது உள்ளே போக முடிந்தது.

கொடுத்தவர்களின் விருப்பத்துக்கும் பெற்றவர்களின் தேவைக்கும் இருந்த இடைவெளி அப்போதுதான் கண்கூடாகத் தெரிந்தது. லாரி லாரியாக வந்த பழந்துணி சாலையோரங்களில் குவிந்து மழையில் மட்கியது. கட்டுமரத்தை இழந்தவருக்கும் ஃபைபர் படகு கிடைத்தது. கடற்கரை முழுவதும் சுனாமிக்கு முந்திய எண்ணிக்கையைத் தாண்டிப் படகுகள் பெருகின. படகு படத்தில் நன்றாக வரும். நன்கொடையாளரின் பெயரைப் பக்கவாட்டில் எழுதலாம். கணவனை இழந்தவளுக்கு மாதாந்திர உதவி கொடுப்பதைப் படம் பிடிக்க முடியாது. பயனாளிப் பட்டியலுக்கு ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டுக் கணக்கையே நம்பியதால் தனித்து வாழும் பெண்கள், உப்பங்கழியில் இறால் தடவிப் பிழைக்கும் இருளர், கரையை அண்டிக் கூலிவேலை செய்த தாழ்த்தப்பட்டோர் ஆகியோர் பல இடங்களில் விடுபட்டார்கள். நிறுவனங்கள் ஒன்றையொன்று அறியாமல் வேலை செய்வதைத் தடுக்க நாகப்பட்டினத்தில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் எழுந்தது. விடுபட்டவர்களைத் தேடிப் பட்டியல் எடுத்ததே அத்தகைய முயற்சிகளின் பயனுள்ள வேலை. சிமெண்டையும் கம்பியையும் விட, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் ஆள்தான் அங்கே அதிகம் தேவைப்பட்டார்.

அந்த ஆட்கள் உள்ளூரிலேயே கிடைத்தார்கள். சிதம்பரத்திலும் கடலூரிலும் பட்டம் முடித்துச் சும்மா இருந்த இளைஞர்களுக்கும், மகளிர் குழுக்களை நடத்திப் பழகிய பெண்களுக்கும் களப் பணியாளர், ஒருங்கிணைப்பாளர், கணக்கர் வேலைகள் வந்தன. கடலூரை உள்ளடக்கிய பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குச் சுயஉதவிக் குழு அனுபவம் ஏற்கெனவே இருந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் (ஐஎஃப்ஏடி) உதவியுடன் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் அடுத்த சில ஆண்டுகளில் இங்கேயும் விரிந்தது. ரசீது, வரவு செலவு, தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகிய பெண்கள் ஒரு தலைமுறைக்கு இருந்தார்கள். சுனாமித் திட்டங்கள் மூன்றிலிருந்து ஐந்தாண்டுகளில் முடிந்தன. அவற்றோடு வேலையும் முடிந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, அந்த அனுபவசாலிகளில் பலர் வேறு பிழைப்புக்குப் போயிருந்தார்கள். மறுபடி புது ஆட்களுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. 2015 வெள்ளத்திலும் இதே நிலை.

நிதானமாக, பல ஆண்டு நடந்த மானியத் திட்டத்துக்குப் பிச்சாவரமே நல்ல சாட்சி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சீரழிந்த அலையாத்திப் பரப்பை மீட்கும் பணியில் 1990களில் இறங்கின. இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதியம் பணம் தந்தது. மீன்முள் வடிவில் நடுவாய்க்காலும் கிளைவாய்க்கால்களும் வெட்டி, உப்பேறிக் கெட்டித்த நிலத்துக்கு ஓதநீரைப் பாயவிட்டு, பிறகு கன்று நட்டார்கள். வாய்க்கால் வெட்டும் கூலி அருகிலிருந்த ஊர்களுக்குக் கிடைத்தது. கிராமக் குழுக்கள் மூலம் இருளர்களும் திட்டத்துக்குள் வந்தார்கள். கடலூர்க் கரையில் அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்கள் சுனாமியில் குறைவாகச் சேதமடைந்ததை ஓர் ஆய்வுக் குழு 2005இல் அறிவியல் இதழொன்றில் எடுத்துக்காட்டியது. ஏழெட்டு ஆண்டு ஒரே இடத்தில் பணம் கொடுக்கச் சம்மதித்த கொடையாளரால்தான் இது கூடிற்று. மார்ச்சுக்குள் செலவழித்துக் காட்டு என்றால் மரம் வளராது.

இனிச் சட்டம். தமிழ்நாட்டில் ஒரு தொண்டு அமைப்பு மூன்று உருவங்களில் ஒன்றை எடுக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து அறக்கட்டளை ஆகலாம். ஏழு பேர் கூடி 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கம் ஆகலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி லாப நோக்கற்ற நிறுவனம் ஆகலாம். சிற்றூர்களில் முதல் இரண்டுதான் வழக்கம். பதிவு தொடக்கம் மட்டுமே. அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு பெற ஒரு பதிவு, கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி என்று மக்கள் சொல்லும் இன்னொரு பதிவு வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றிவிட்டாலும், வசூலுக்குப் போகிறவர் வாயில் அந்தப் பழைய எண்தான் நிற்கிறது. முன்பெல்லாம் ஒருமுறை வாங்கினால் நிரந்தரம். 2021 முதல் காலக்கெடுவுக்குள் புதுப்பிக்க வேண்டும்.

ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தாலே ஓர் அமைப்பின் தரம் தெரிந்துவிடும். அமைப்பின் பெயர், பதிவு எண், பான் எண், வரிச்சலுகை எண், வரிசை எண்ணிட்ட தாள், அடிக்கட்டை, தொகை எண்ணாலும் எழுத்தாலும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்குச் சலுகை கிடையாது. ஆண்டு முடிந்ததும் கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயர், அடையாள எண், தொகை ஆகியவற்றை மே 31க்குள் வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பது 1961 சட்டத்தின்கீழ் வந்த விதி. தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அந்தப் பட்டியலிலிருந்துதான் கொடுத்தவருக்குச் சான்றிதழ் பிறக்கும். ஆகவே வீதி வீதியாக உண்டியல் குலுக்கிய காலத்து வசூல்காரருக்குப் பதிலாக, கைப்பேசி எண்ணும் பான் எண்ணும் பிழையின்றிக் குறித்துக்கொள்ளும் ஆள் தேவைப்படுகிறார். ஊதியம் வாங்குவோர் பலர் புதிய வரி முறைக்கு மாறிவிட்டார்கள். அதில் இந்தச் சலுகையே இல்லை. வரிக்காகக் கொடுத்தவர் குறைந்து, மனமாரக் கொடுப்பவர் மிஞ்சுவார் என்று இதை நல்லவிதமாகவும் பார்க்கலாம்.

வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ என்ற தனிச் சட்டம். 1976இல் வந்தது, 2010இல் புதுச் சட்டமாயிற்று, 2020 செப்டம்பரில் மிகவும் இறுகியது. பதிவு கேட்கும் அமைப்பு மூன்றாண்டு பழையதாகவும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கத்துக்காகச் செலவிட்டதாகவும் இருக்க வேண்டும். பணம் முதலில் புது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்கே போகும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. எல்லாவற்றிலும் பெரிய அடி, வாங்கிய நிதியை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கக் கூடாது என்பது. பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களின் சிறு அமைப்புகள் சென்னையிலோ டெல்லியிலோ உள்ள பெரிய நிறுவனத்தின் கிளை மானியத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வாய்க்கால் ஒரே திருத்தத்தில் அடைபட்டது.

இதில் பரங்கிப்பேட்டைக்கென்றே ஒரு நுணுக்கம் உண்டு. துபாயில் வேலை பார்க்கும் மகன் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டு நிதி ஆகாது. எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத உள்ளூர் அமைப்பும் அதை வாங்கலாம். அவருடைய அண்ணன் சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டால், அதே தொகை, அதே காரியம், ஆனால் வெளிநாட்டு நிதி. பதிவில்லாத அமைப்பு அதைத் தொட்டால் குற்றம். கொடுத்தவரின் கடவுச்சீட்டு நகலை வாங்கிக் கோப்பில் வைக்காத பொருளாளர் பிற்பாடு விளக்கம் சொல்லத் திண்டாடுவார்.

உள்நாட்டு மானியங்களில் இப்போது பெரிய பேச்சு சிஎஸ்ஆர். 2014 ஏப்ரல் முதல், நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தன் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். நெய்வேலியில் என்எல்சி, கடலூர் சிப்காட்டில் ரசாயன ஆலைகள், பரங்கிப்பேட்டைக்கு அருகே 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் என்று சுற்றிலும் தொழில்கள் இருப்பதால் ஊர் அமைப்புகளுக்கு எதிர்பார்ப்பு அதிகம். அந்த மூன்றாண்டுச் சராசரியில் லாபம் இல்லாவிட்டால் இரண்டு விழுக்காடும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. பணம் வாங்கும் அமைப்பு 2021 முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தில் தனியே பதிவு செய்திருக்கவும் வேண்டும். ஆலைப் புகையையும் கழிவுநீரையும் பற்றிப் பேசவேண்டிய அமைப்பு அதே ஆலையிடம் காசோலை வாங்கினால் வாய் அடைபடும். எந்தச் சட்டமும் இதைக் கவனிக்கவில்லை. வாங்குவதற்கு முன் நிர்வாகக் குழுதான் முடிவெடுக்க வேண்டும்.

அரசுத் திட்டங்களில் நமக்கு நாமே திட்டத்தின் வழி எளிது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு போட்டு, பள்ளிக் கட்டடமோ பூங்காவோ கட்டித்தரும். 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டம், முன்னாள் மாணவர் தாம் படித்த அரசுப் பள்ளிக்கே நேராகக் கொடுக்க வழி செய்தது. இரண்டிலும் கட்டடமும் பொருளும் கிடைக்கும், சம்பளம் வராது.

தொண்டுத் துறை வேலைவாய்ப்பின் முடிச்சு இங்கேதான். களப் பணியாளர், குழு அமைப்பாளர், ஆலோசகர், சிறப்பாசிரியர், கணக்கர், திட்ட மேலாளர், விண்ணப்பமும் அறிக்கையும் எழுதுபவர், மதிப்பீட்டாளர் எல்லாம் உண்மையான வேலைகள். சமூகப்பணிப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் 1952 முதல் சென்னை சமூகப்பணிப் பள்ளி இருக்கிறது. பரங்கிப்பேட்டையிலேயே உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் படித்தவர்களுக்குக் கடற்கரைத் திட்டங்களில் நல்ல மதிப்பு. ஆனால் நிரந்தரம் என்பது அபூர்வம். 1098 குழந்தைகள் உதவி எண்ணை மாவட்டந்தோறும் தொண்டு நிறுவனங்கள் நடத்திவந்தன. 2023இல் அது அரசு அமைப்புக்குள் போனபோது, இரவு பகலாகத் தொலைபேசி எடுத்துப் பழகியவர்களில் பலர் வேலையிழந்தார்கள். 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வி, ஊர்ப் பெண்களைப் பெருமளவில் தன்னார்வலராக்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அனுபவமாக அது மதிப்புள்ளது. பிழைப்பாக அதை எண்ணிக்கொண்டு வந்தவர்கள் ஏமாந்தார்கள். விண்ணப்பிக்கிறவர் நியமனக் கடிதத்தில் திட்டத்தின் முடிவுத் தேதி, வருங்கால வைப்பு நிதி, பயணப்படி ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுச் சேர்வது நல்லது.

தொண்டுக்கு எதற்குச் சம்பளம் என்ற பேச்சு ஊரில் இன்னும் உண்டு. ஜகாத்துக்கு உரிய எட்டு வகையாரில், அதைத் திரட்டிப் பங்கிடும் ஊழியர்களும் ஒரு வகை. பள்ளிவாசலில் அன்றாடம் ஓதப்படும் வேதத்திலேயே உள்ள ஏற்பாடு இது. வசூலுக்கும் கணக்குக்கும் நிற்கிற ஆளுக்கு அதிலிருந்தே ஊதியம் கொடுக்கலாம் என்று ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒத்துக்கொண்டதை, நிர்வாகச் செலவு என்ற தலைப்பின்கீழ் இன்றைய கொடையாளர்கள் குறைத்துக்கொண்டே போகிறார்கள். சிஎஸ்ஆர் விதியில் நிர்வாகச் செலவுக்கு வைத்த ஐந்து விழுக்காட்டு வரம்பு பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. செயல்படுத்தும் அமைப்பையும் அதே கோலால் அளப்பது சட்டம் கேட்காத சிக்கனம். எஃப்சிஆர்ஏ விதிகளில்கூட மருத்துவமனையின் மருத்துவர், பள்ளியின் ஆசிரியர் ஆகியோரின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. திட்ட மதிப்பீடு எழுதும்போதே களப் பணியாளரின் ஊதியத்தைத் திட்டச் செலவாகக் காட்டத் தெரியாத அமைப்புகள்தான் பிறகு கையைப் பிசைகின்றன.

பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் தனித்தனியே ஓர் ஆளை வைத்துக்கொள்ள வசதியில்லாத அமைப்புகள் நான்கைந்து சேர்ந்து, கணக்கும் படிவமும் அறிக்கையும் தெரிந்த ஒருவரை உள்ளூரிலிருந்தே முழுநேர ஊதியத்தில் அமர்த்தலாம். சட்டத்தில் அதற்குத் தடையில்லை. வெளியூரிலிருந்து நன்கொடை அனுப்பும் பிள்ளைகள் அடுத்த முறை பொருளாகக் கொடுக்காமல், அந்த ஒருவரின் ஓராண்டுச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.